ஸ்டீராய்டு ஊசியை விடுங்கள், காதைப் பாருங்கள்

கேள்வி: 31-வது வாரத்திலேயே வலி வந்ததால் டெக்ஸாமெத்தசோன் ஊசி நான்கு போட்டார்கள். 32-வது வாரத்தில் மகன் பிறந்து, குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருந்தான். இப்போது 1 வயது 8 மாதம். நடக்கிறான், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தூக்கத்தில் தலை வியர்க்கிறது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, தட்டு விழுந்தால் திரும்புகிறான். கணவர் தாய்மாமன் மகன். அத்தை நாக்கில் வசம்பு தடவுகிறார். மெடிக்கலில் மூளை வளர்ச்சி சிரப் வாங்கிக் கொடுக்கிறேன். ஸ்டீராய்டு மூளையைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்தேன். ஊசிக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்.
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கையெழுத்துப் போட்டது சரிதான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால்தான் கோபப்பட்டிருப்பேன். அந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது. குறைமாதக் குழந்தைக்கு மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தையும் குறைக்கிறது. நியூசிலாந்து டாக்டர்கள் லிகின்ஸும் ஹோவியும் இதே வகை ஸ்டீராய்டான பீட்டாமெத்தசோனின் பலனை 1972-லேயே வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் பிறந்த பிள்ளைகளை 30 வயதில் சோதித்தபோது, அறிவுத்திறனில் ஊசி போட்டவர், போடாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. பல கோர்ஸ் போட்டவர்களையும், ஊசி போட்டும் நிறைமாதத்தில் பிறந்தவர்களையும் பற்றித்தான் மருத்துவர்களுக்குள் விவாதம் இருக்கிறது. உங்களுக்குப் போட்ட நான்கு ஊசியும் சேர்ந்து ஒரே கோர்ஸ்தான், உங்கள் மகன் இரண்டிலும் சேர்த்தி இல்லை. யூடியூப்காரருக்கு இதைச் சொல்ல நேரமில்லை போலிருக்கிறது.

தலை வியர்ப்பது ஒன்றுமில்லை.

ஆனால் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். தட்டு விழும் சத்தம் பெரிது, தரையும் அதிரும். அதற்குத் திரும்புகிற பிள்ளைக்குப் பேச்சு கேட்கிறது என்று அர்த்தமில்லை. குறைமாதம், வார்டு வாசம், சொந்தத்தில் கல்யாணம் மூன்றுமே காது கேளாமைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறவை. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் காது கேளாமையைத் தரும் கோளாறு தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் இருவரிடமும் அதே கோளாறு இருப்பது சுலபம். பிறந்தபோது காது சோதித்து ‘பாஸ்’ சொல்லியிருந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். சில வகைக் கேளாமை அந்தச் சோதனையில் சிக்காது, சில பிறகுதான் வரும்.

இரண்டு மாதம் முன்னால் பிறந்தவன் என்று கழித்தாலும் ஒன்றரை வயது. அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பேச்சுக்கான மூளைப் பாதைகள் காதில் விழுவதை வைத்துத்தான் அமைகின்றன, அதுவும் முதல் மூன்று வருஷத்தில் மும்முரமாக. இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் காது கேட்கிறதா என்று பார்க்கும் ‘பெரா’ டெஸ்ட் கேளுங்கள். பிள்ளை தூங்கும்போது எடுப்பது, வலி கிடையாது. காது கேளாத பிள்ளைகளுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் கண்ட ஊர் அது. குறை இருந்தால் முதலில் காது மெஷின். அது போதாவிட்டால் ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி. 6 வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டிலேயே வைக்கலாம், ஆனால் ஆறு வரை காத்திருந்தால் பலன் குறையும்.

வசம்பையும் சிரப்பையும் இன்றோடு நிறுத்துங்கள். போகும்போது வார்டின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு போங்கள். காதைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் ஊசி போட்டார்களா, அதேபோல் காதைப் பாதிக்கும் அளவுக்கு மஞ்சள்காமாலை ஏறியதா என்று டாக்டர் அதில்தான் பார்ப்பார்.