பெயர் 9 எழுத்து, நீளம் 40 பைட்

கேள்வி: என் வைஃபை ரவுட்டருக்கு 20 எழுத்தில் கடவுச்சொல் வைத்திருக்கிறேன். ஆனாலும் ரவுட்டரில் 'பஃபர் ஓவர்ஃப்ளோ' குறை இருக்கிறது, அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை உடனே புதுப்பியுங்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. கடவுச்சொல் போதாதா?

பதில்: போதாது. நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தை மீறித் தரவு பக்கத்தில் வழிவதுதான் பஃபர் ஓவர்ஃப்ளோ. இந்த வகைக் குறைகளில் பல, கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கு முன்னாலேயே வேலையைக் காட்டிவிடும்.

வைஃபை பெயருக்கு உச்ச அளவு 32 பைட். நிரலர் நினைவகத்தில் அவ்வளவுதான் இடம் ஒதுக்குவார். ஆனால் காற்றில் வரும் பாக்கெட்டில், பெயரின் நீளத்தைக் குறிக்கும் இடத்தில் 255 வரை எந்த எண்ணையும் போடலாம். அதை நம்பி அப்படியே நகலெடுத்தால் 223 பைட் வரை பக்கத்து இடத்தில் வழியும். 2015இல், கருவிகளை வைஃபையில் இணைக்கும் 'டபிள்யூபிஏ சப்ளிகன்ட்' மென்பொருளில், ரவுட்டர் இல்லாமல் கருவிகளை நேரடியாக இணைக்கும் வைஃபை டைரக்ட் பகுதியில் கண்டுபிடித்த ஓட்டை அச்சாக இதுதான். சிக்னல் எட்டும் தூரத்தில் இருந்தாலே போதும், தாக்கலாம்.

வழிந்தது எதன் மேல் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி பல சமயம் பக்கத்திலேயே இருக்கும். அதன் மேல் வேறு முகவரியை எழுதிவிட்டால், ரவுட்டர், தாக்குகிறவர் சொன்ன இடத்துக்குப் போய்விடும். 1988இல் இணையத்தில் தானாகப் பரவிய 'மோரிஸ் வார்ம்' என்ற நிரல் பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. அங்கே 512 பைட் இடம் வழிந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதே தவறு நம் வீட்டுக் கருவிகளில் வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நீளத்தைச் சரிபார்க்க ஒரு வரி போதுமே!

என்னிடம் இருந்த பழைய ரவுட்டர் ஒன்றுக்கு 'வணக்கம் நண்பரே' என்று பெயர் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு 9 எழுத்து. ஆனால் எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் மெய்ப்புள்ளி, உயிர்க்குறி உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்; 13 குறிக்கு 39, நடுவில் இடைவெளிக்கு 1, ஆக 40 பைட். அமைப்புப் பக்கம் குறிகளை எண்ணி, 32க்குள் இருக்கிறது என்று விட்டுவிட்டது. சேமித்த மறுநொடி விளக்கெல்லாம் அணைந்து, கருவி தானாக மறுபடி தொடங்கியது. ஒரு வாழ்த்துக்கே இப்படி விழுகிற கருவி, திட்டமிட்டுச் செதுக்கிய பைட்டுகளுக்கு என்ன ஆகும்? அன்றே அதைக் கழற்றிவிட்டேன்.

அதனால் இன்றைக்கே புதுப்பித்துவிடுங்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே ஃபர்ம்வேரை எடுங்கள். ஏற்றி முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் ரவுட்டருக்குப் புதுப்பிப்பே வருவதில்லை. கணினியில் ஆன்ட்டிவைரஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

பதில்: ரவுட்டருக்குள் நடப்பது அதன் கண்ணில் படாது. தயாரித்தவரே கைவிட்ட கருவியை மாற்றத்தான் வேண்டும். அதுவரை, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்து வையுங்கள்.