கேள்வி பதில்: அமினோவமிலத்தை நிறத்தால் அளக்கும்போது

மாதிரி எது, என்ன சேர்த்தீர்கள், பிளாங்க் (மாதிரி சேர்க்காத கரைசல்) வாசிப்பு எவ்வளவு என்ற மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கோ.

கிளிநொச்சி: மிஸ், மீன் தசையை அமிலத்தில் முழுதாகப் பகுத்தபிறகு புரதம் பார்க்கும் பையூரெட்டில் ஊதா வரவில்லை. ரீஏஜென்ட் பழுதோ?

இல்லை. பையூரெட்டின் செப்பு அயன் பிடிப்பது அமினோவமிலங்களைக் கோக்கும் பெப்தைட்டுப் பிணைப்பை. குறைந்தது இரண்டு பிணைப்பு வேணும், நீங்கள் எல்லாவற்றையும் உடைத்துவிட்டீர்கள். தனி அமினோவமிலத்தோடேயே ஊதா தரும் நின்ஹைட்ரினுக்குப் போங்கோ.

வவுனியா: நின்ஹைட்ரினை எப்படிச் செய்வது?

முதலில் ஐதரோகுளோரிக் அமிலத்தை ஆவியாக்கிப் போக்குங்கோ. அது மிஞ்சினால் நிறம் சரியாக வராது. பீ.எச். 5.5 அசற்றேற்றுத் தாங்கலில் கரைத்த மாதிரி 1 மி.லீ., 2% நின்ஹைட்ரின் 1 மி.லீ. ரியூபின் வாயை மூடி, கொதிநீரில் 15 நிமிடம். ஆறியதும் 50% எதனோல் 5 மி.லீ. விட்டு 570 நனோமீற்றரில் வாசியுங்கோ. அளவு தெரிந்த கிளைசின் கரைசலை (நியமம்) ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டவேணும், போன கிழமை வரைந்த நியமக் கோடு உதவாது. புரோலின் மஞ்சளாகத்தான் வரும், அதற்கு 440. மீன் தோலில் புரோலின் மிகுந்த கொலாஜன் நிறைய, 570ஐ மட்டும் பார்த்தால் கணக்குக் குறையும். கையுறை போடுங்கோ: விரல் வியர்வையே ஊதா தரும். பிளாங்கை மறக்கவேண்டாம்!

மாங்குளம்: உளுந்து மாவை 6 மோலர் அமிலத்தில் 110 பாகையில் 24 மணித்தியாலம் வைத்தேன். கறுத்துப்போச்சு, ஆனால் ஊதா வந்தது. திரிப்டோபன் என்ற அமினோவமிலமும் அதில் அடங்கும்தானே?

அடங்காது. சூடான அமிலம் திரிப்டோபனை அழிக்கும். உளுந்தின் மாப்பொருள் சீனியாகி அதை இன்னும் கெடுக்கும், அந்தக் கறுப்பு அதன் அடையாளம். ஊதா மற்ற அமினோவமிலங்களுடையது. திரிப்டோபனுக்குக் காரப் பகுப்பு வேணும்.

மாங்குளம்: மாப்பொருள் கெடுக்கும் என்றால் காரத்திலும் கெடுக்குமே?

மறுதலை! காரத்தில் அது ஒட்சியேற்றத்தை வாங்கிக்கொண்டு திரிப்டோபனைக் காக்கும். 1972இல் ஹக்லியும் மூரும் பகுதியாகப் பகுத்த உருளைக்கிழங்கு மாப்பொருளை வேண்டுமென்றே சேர்த்தார்கள், சோடியம் ஐதரொட்சைட்டு 4.2 நோர்மல். பகுத்தபிறகு நிறத்துக்கு நீங்கள் சேர்க்கவேண்டியது பாரா-டைமெதிலமினோபென்சல்டிகைட்டு, சல்பூரிக் அமிலம், துளி நைத்திரைற்று. நீலம், 590.

முல்லைத்தீவு: கண்ணாடி ரியூப் போதுமா?

சூடான காரம் கண்ணாடியை அரிக்கும். பொலிபுரொப்பிலீன் ரியூப் எடுங்கோ.

மாங்குளம்: அப்ப எல்லாவற்றையும் காரத்திலேயே செய்யலாமே?

தம்பி, அர்ஜினின், சிஸ்டின், செரின், திரியோனின் எல்லாம் காரத்தில் அழியும். ஒரு மாதிரிக்கு இரண்டு பகுப்பு. இதற்குக் குறுக்குவழி கேட்கவேண்டாம்.

புதுக்குடியிருப்பு: கருவாட்டை அமிலத்தில் பகுத்தேன், பையூரெட்டில் ஊதா...

கிளிநொச்சிக்குச் சொன்னதைப் படியுங்கோ. கருவாட்டில் அமோனியா உண்டு, அதுவும் நின்ஹைட்ரினில் ஊதா தரும். பகுத்த கரைசலைக் காரமாக்கி, குறை அமுக்கத்தில் ஆவியாக்கி அமோனியாவைப் போக்குங்கோ. பிறகு பீ.எச்.ஐ 5.5க்குக் கொண்டுவந்து அளவுங்கோ.

நெடுங்கேணி: பையூரெட்டில் ஊதா...

பிளாங்க் வாசிப்பு எங்கே?

செட்டிகுளம்: அம்மாவின் சிறுநீரில் அமினோவமிலம் பார்க்கலாமா?

அது வைத்தியசாலை ஆய்வுகூடத்தின் வேலை. அங்கே கேளுங்கோ.