டின் கட்டரின் திருகு மட்டும் பெரிதானால் போதுமா?

கேள்வி: தேவகோட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) 78 வயது, விரல் மூட்டுகளில் வாதம். மலேசியாவிலிருந்து மாமா கொண்டுவரும் மத்தி மீன் டின், லிச்சி டின் எதையும் அவரால் திறக்க முடியவில்லை. யாரையும் கூப்பிடாமல் தானே திறக்க வேண்டும் என்று பிடிவாதம் வேறு. கடையில் மூன்று விதமான டின் கட்டர் வாங்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரிப்படவில்லை. விரலால் திருப்பும் அந்தத் திருகைப் பெரிதாக்கி நானே ஒன்று செய்யலாமா? நன்றாக வந்தால் விற்பனைக்கும் செய்ய ஆசை.

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஆயாவின் சிரமம் திருகில் மட்டும் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டு லேத்தை ஓட்டாதீர்கள். முதலில் ஒரு டின்னையும் பழைய கட்டரையும் அவரிடம் கொடுத்துவிட்டு, கை நீட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே நிறுத்துகிறார், எந்தக் கையை உதறுகிறார் என்று கவனியுங்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலானவர்கள் உதறுவது திருகும் வலது கையை இல்லை, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் இடது கையை.

காரணம் இதுதான். சாதாரண டின் கட்டர் ஒரே நேரத்தில் மூன்று வேலை கேட்கிறது. இடது கை இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும், கடைசி வரை தளர்த்தக் கூடாது. அதே கை கட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் தாங்கவும் வேண்டும். வலது கை கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகைக் கிள்ளிப் பிடித்துத் திருப்ப வேண்டும். மூட்டு வாதக்காரர்களுக்கு ஆகாதவை இரண்டு: விடாத இறுக்கம், கிள்ளித் திருப்புவது. இந்தச் சின்னக் கருவி இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 73 மி.மீ. விட்டமுள்ள டின்னின் விளிம்புச் சுற்றளவு ஏறக்குறைய 230 மி.மீ. டின்னை நகர்த்தும் பல் சக்கரத்தின் விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், திருகின் ஒரு முழுச் சுற்றுக்கு 63 மி.மீ. நகரும். ஆக, ஏறக்குறைய மூன்றே முக்கால் சுற்று. நாம் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடியை மாற்றுவோம், ஏழெட்டுப் பிடியில் முடிந்துவிடும். ஆயாவின் மணிக்கட்டு கால் சுற்றுதான் திரும்பும் என்றால் பதினைந்து முறை கிள்ளிப் பிடிக்க வேண்டும். அத்தனை நேரமும் இடது கை இறுகியபடியே. லிச்சி சாப்பிடும் ஆசையே போய்விடும்.

ஆகவே என் யோசனை, இறுக்குவதையும் திருப்புவதையும் பிரித்துவிடுங்கள். ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்த வேலை.

இறுக்குவதற்குப் பூட்டு வேண்டும். கம்பிக் கொக்கி போட்ட கண்ணாடி ஊறுகாய் ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். கொக்கியை அழுத்தும்போது ஓர் இடம் வரை எதிர்க்கும், அதைத் தாண்டியதும் தானே இறுகி நின்றுகொள்ளும். பட்டறையில் நீங்கள் வைத்திருக்கும் பூட்டு பிளையரிலும் இதே சூட்சுமம்தான். கட்டரின் மேல் கைப்பிடியை அப்படி அமைத்தால், விரல்களை மடக்கி இறுக்க வேண்டாம், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். அழுத்தும் கோலை 120 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். ஒரு விஷயத்தில் கவனம் தேவை. டின்னின் விளிம்பு ஒற்றைத் தகடு இல்லை, மூடியும் உடம்பும் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்த ஐந்து அடுக்கு. அதன் தடிப்பு டின்னுக்கு டின் மாறும், பொதுவாக 1 முதல் 1.5 மி.மீ. வரை. பூட்டில் ஒரு கெட்டியான ஸ்பிரிங் வாஷர் போட்டு இந்த வித்தியாசத்தை விழுங்கவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு டின்னில் பூட்டு விழாது, இன்னொன்றில் பிடிக்காது.

அடுத்தது திருப்புவது. நீங்கள் நினைத்தபடி திருகைப் பெரிதாக்கினால் விசை குறையும், உண்மைதான். ஆனால் கிள்ளிப் பிடிப்பது மாறாது. இரண்டு விரலால் கிள்ளும் பலம், முழுக் கையால் பற்றும் பலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். எனவே திருகை எடுத்துவிட்டு, கையால் சுற்றும் பழைய தையல் மிஷினில் இருப்பது போல ஒரு சுழல் கைப்பிடி வையுங்கள். நீளம் 60 மி.மீ., நுனியில் தானாகச் சுழலும் ஒரு குமிழ். குமிழின் விட்டம் 35 மி.மீ. இருந்தால் மூடாத விரல்களாலும் பற்றலாம். பிடியை மாற்றவே வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய லாபம், பதினைந்து பிடி ஒரே பிடியாகிவிடும்.

எவ்வளவு விசை தேவை என்பதை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு போதும். பழைய கட்டரின் திருகில் ஒரு தகட்டுத் துண்டை இறுக்கி, மையத்திலிருந்து 30 மி.மீ. தள்ளி ஓட்டை போட்டு, அதில் தராசைக் கொக்கி மாட்டித் தகட்டுக்குச் செங்குத்தாக இழுங்கள். 4 கிலோ காட்டினால், 60 மி.மீ. கைப்பிடியில் அது 2 கிலோ ஆகும். கதவுப்பிடி, குழாய் போன்றவற்றுக்கு அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் வசதி விதிகளில் ஒரு வரம்பு உண்டு: ஒற்றைக் கையால் இயங்க வேண்டும், இறுக்கிப் பற்றவோ கிள்ளவோ மணிக்கட்டை முறுக்கவோ தேவைப்படக் கூடாது, விசை 22 நியூட்டனுக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. டின் கட்டருக்காக எழுதிய விதி இல்லை. ஆனாலும் நமக்கு நல்ல இலக்கு. பல் சக்கரத்தைச் சிறிதாக்கியும் விசையைக் குறைக்கலாம், அப்போது சுற்றுகள் கூடும். ஆயாவுக்கு எது தேவலை என்று அவரிடமே கேளுங்கள்.

இப்போது மூன்றாவது வேலை, கட்டரைத் தாங்குவது. டின் நகராமல் இருக்கப் பிரிமணையில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கட்டர் ஒரே இடத்தில் நிற்க, டின்தான் சுற்ற வேண்டும். டின்னைப் பிடித்து நிறுத்திவிட்டால் கட்டர் அதைச் சுற்றிவர வேண்டியிருக்கும், கூடவே மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளும். டின்னுக்கு அடியில் வழுவழுப்புதான் நல்லது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

கருவி நிற்க வேண்டும், பண்டம் நகர வேண்டும். இதை நம் சமையற்கட்டில் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம், அரிவாள்மனைதான் அது. கத்தியைக் கையில் பிடிப்பதில்லை. பலகையைக் காலால் அழுத்தினால் உடம்பின் பாரமே கத்தியை நிறுத்தும், இரண்டு கையும் காய்க்கு மிச்சமாகும். தேங்காய் துருவியும் அப்படித்தான். விற்பனைக்குச் செய்கிற எண்ணம் இருந்தால் கையில் பிடிக்கும் கட்டரைவிட இந்தப் பலகைக் கட்டரை முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். ஒரு பலகை, அதில் ஒரு தூண், தூணில் மேலும் கீழும் நகரும் வெட்டும் தலை, டின்னுக்கு அடியில் ஒரு வழுக்குத் தட்டு. மத்தி டின் குட்டை, லிச்சி டின் உயரம், அதனால் தலை நகரத்தான் வேண்டும். ஓட்டல்களில் மேசையோடு பொருத்தியிருக்கும் பெரிய கட்டர்களும் இந்த வகைதான், வீட்டுக்கான சின்ன அளவு அதிகம் கண்ணில் படுவதில்லை. ஆயாவால் தரையில் உட்கார முடியாதென்றால் பலகையின் முன்விளிம்பில் கீழ்நோக்கி ஓர் உதடு வைத்து மேசை ஓரத்தில் மாட்டிவிடலாம்.

வெட்டுச் சக்கரத்துக்கு 304 ஸ்டெயின்லெஸ் எடுக்காதீர்கள். பாத்திரத்துக்கு நல்லது, ஆனால் சூடாக்கிக் குளிர்வித்தாலும் கெட்டிப்படாது, சீக்கிரமே மழுங்கும். மழுங்கிய சக்கரம் வந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். 420 ரகம் எடுத்து ஹீட் ட்ரீட்மென்ட் கொடுங்கள். முலாம் பூசிய இரும்பும் வேண்டாம், உரிந்து மீன் குழம்பில் விழும். துரு, அரிமானம் பற்றிச் சந்தேகம் இருந்தால் காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்தில்தானே இருக்கிறது. சக்கரத்தைக் கையால் கழற்றிக் கழுவ வழி இருக்கட்டும். சாறு காய்ந்து ஒட்டிய கட்டர் இரண்டு மடங்கு கனமாகச் சுற்றும், சுத்தமும் இல்லை.

மேலிருந்து வெட்டுவதா, விளிம்பின் பக்கவாட்டில் வெட்டுவதா என்பது இன்னொரு கேள்வி. பக்கவாட்டில் வெட்டினால் மூடி கூர்மையில்லாமல் முழுசாகக் கழன்றுவரும், டின்னுக்குள் விழாது. நடுங்கும் கைக்கு அது பாதுகாப்பு. ஆனால் சக்கரங்களின் இடைவெளி துல்லியமாக அமைய வேண்டும், முட்டை வடிவ மீன் டின்னில் தடுமாறும். முதல் கட்டர் மேல்வெட்டாகவே இருக்கட்டும், மூடியைத் தூக்க ஒரு காந்தத் துண்டு ஒட்டிவிடுங்கள். வளையம் இழுத்துத் திறக்கும் டின்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஸ்பூன் காம்பை வளையத்துக்குள் விட்டு நெம்பினாலே போதும்.

மாதிரிக்குச் செலவு செய்யாதீர்கள். சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டிப் பாருங்கள். எம்-சீல் பிசைந்து கைப்பிடியில் அப்பி, மேலே பாலித்தீன் சுற்றி ஆயாவைப் பிடிக்கச் சொன்னால் அவர் கையின் அச்சே விழும். ஆனால் அந்த விரல் பள்ளங்களை விற்பனைக்கான கட்டரில் வைத்துவிடாதீர்கள், இன்னொருவர் விரலுக்கு அதுவே உறுத்தும்.

விற்பனை என்றதும் நினைவுக்கு வருகிறது. தகர டின்னுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்தது 1810ல். அதைத் திறக்க ஒரு தனிக் கருவி வந்தது 1850களில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் உளியும் சுத்தியலும். எங்கள் பள்ளத்தூர் வீட்டில் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த கொக்கிக் கட்டர் ஒன்று இருந்தது, அதைவிட உளி தேவலை என்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்த மாதிரி ஏதாவது கிடைத்தால் வாங்கிப் பிரித்துப் பாருங்கள். 1990ல் அமெரிக்காவில் ஆக்ஸோ நிறுவனத்தைத் தொடங்கிய சாம் ஃபார்பர், மூட்டு வாதத்தால் தோல் சீவக் கஷ்டப்பட்ட மனைவியைப் பார்த்துத்தான் தடித்த ரப்பர் கைப்பிடிக் கருவிகளை யோசித்தார். வாங்கியவர்கள் நோயாளிகள் மட்டும் இல்லை. ஆகவே உங்கள் கட்டரை முதியோர் கட்டர் என்று பெயரிட்டு விற்காதீர்கள். ஆயாவே வாங்க மாட்டார்.

சோதனைக்கு ஐந்தாறு பேராவது வேண்டும், அதில் இடது கைக்காரர் ஒருவர் இருக்கட்டும். காய்ந்த கையோடு ஒரு முறை, எண்ணெய்க் கையோடு ஒரு முறை. விளிம்பு நசுங்கிய டின்னையும் கொடுங்கள், சக்கரம் அங்கேதான் தாவும். புடைத்த டின்னை மட்டும் சோதனைக்குக்கூடத் திறக்காதீர்கள், அப்படியே எறிந்துவிடுங்கள். அப்புறம், எப்படி இருக்கிறது என்று ஆயாவைக் கேட்காதீர்கள். பேரன் செய்தது, "நல்லாத்தான்யா இருக்கு" என்றுதான் சொல்வார். மேசைமேல் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுங்கள். ஒரு வாரம் கழித்துக் குப்பைக் கூடையில் எத்தனை காலி டின் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.