ஆக்சிலேட்டர் கோளாறுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆக்சிலேட்டரைப் பற்றியவை. ஏதோ ஒரு பாகத்தை மாற்றிய பிறகும் கோளாறு தீரவில்லை என்ற குறையோடுதான் அவற்றில் பலவும் முடிகின்றன. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டர் திறந்து மூடும் த்ராட்டில் என்பது காற்று நுழையும் வழியில் வைத்த மதகுப் பலகை போன்றது; அது பொருந்தியிருக்கும் கூடுதான் த்ராட்டில் பாடி. பலகை பழுதானாலும், பலகை நன்றாக இருந்து வேறு வழியில் காற்று புகுந்தாலும், பலகை எங்கே நிற்கிறது என்ற செய்தி இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தவறாகப் போனாலும் ஓட்டுபவருக்குத் தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். ஆகையால் எதை மாற்றுவது என்பதைக் காட்டிலும், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று பிரித்தறியும் வழிகளையே இங்கே அதிகமாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது பழைய 100 சிசி கார்புரேட்டர் பைக். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாக ஒடித்தால் இன்ஜின் தானாக ரேஸ் ஆகிறது. அண்மையில்தான் புதிய ஆக்சிலேட்டர் கேபிள் போட்டேன். கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் ஓட்டம் ஏறுகிறது என்றால் கோளாறு கேபிளில்தான் இருக்கிறது. புதிய கேபிள் போடும்போது டேங்கைக் கழற்றச் சோம்பல்பட்டு, வெளிப்பக்கமாகவே இழுத்துக் கோத்துவிடும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் கேபிளின் உறை டேங்குக்கும் சட்டத்துக்கும் இடையில் நசுங்கியிருக்கும், அல்லது ஃபோர்க்கின் தவறான பக்கமாகப் போயிருக்கும். ஹேண்டில் திரும்பும்போது அது இழுபட்டு உள்கம்பியை மேலே தூக்குகிறது. டேங்கைக் கழற்றிக் கேபிளை அதற்குரிய கொக்கிகளின் வழியாக, கூர்மையான வளைவு எதுவும் இல்லாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். வேறு மாடலுக்குரிய, நீளம் குறைந்த கேபிளைப் போட்டுவிட்டார்களா என்பதையும் பழைய கேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு கைப்பிடியின் விளையாட்டை, அதாவது கம்பி இழுபடும் முன் அது சும்மா திரும்பும் அளவைப் பாருங்கள். கைப்பிடியின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு மெல்லத் திருப்பினால், கம்பி இழுபடத் தொடங்கும் முன் அந்தக் கோடு 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை நகர வேண்டும். பெரும்பாலான பைக்குகளின் கையேடுகளில் இந்த அளவுதான் இருக்கும். கடைசியாக, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஹேண்டிலை நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி விடுங்கள். மூன்று நிலைகளிலும் கார்புரேட்டருக்குள் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு 'டக்' என்று அடித்து உட்காரும் ஓசை கேட்க வேண்டும். ஓசை மந்தமாக இருந்தால் கேபிளின் கீழ்முனையில் பிரிந்துபோன ஒற்றைக் கம்பி இழை மாட்டுகிறதா என்று தேடுங்கள்.

ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) திருகைக் குறைத்து இதைச் சமாளிக்க வேண்டாம். நேராக ஓடும்போது வண்டி நின்று நின்று போகும்; யூ டர்ன் எடுக்கும்போது பழையபடி தானாகவே முன்னே பாயும்.

கேள்வி: 2016 ஆம் ஆண்டு பெட்ரோல் கார். சர்வீஸில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். அதிலிருந்து ஐடிலிங் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே இறங்குவதில்லை. ஸ்கேனரில் பி 0507 என்று வருகிறது. சுத்தம் செய்ததால் கெட்டுப்போயிற்றா? (கரூர் வாசகர்)

பதில்: பி 0507 என்ற குறியீட்டுக்கு ஐடிலிங் எதிர்பார்த்த அளவைவிட அதிகம் என்பதே பொருள், எந்தப் பாகம் பழுது என்று அது சொல்லவில்லை. இங்கே நடந்திருக்கக் கூடியதை முதலில் விளக்குகிறேன். இன்ஜினின் ஆவிக்குழாய் வழியாக வரும் எண்ணெய்ப் புகை த்ராட்டில் பலகையின் விளிம்பில் கருப்பாகப் படிந்து, காற்று செல்லும் இடுக்கைச் சிறுகச் சிறுக அடைக்கிறது. கம்ப்யூட்டர் அதை ஈடுகட்ட, ஐடிலிங்கின்போது பலகையைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகி, அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரே நாளில் கரியைத் துடைத்துவிட்டால், பழைய திறப்பில் இப்போது அளவுக்கு மீறிய காற்று போகிறது. ஆகவே சுத்தம் செய்ததில் தவறில்லை. சுத்தம் செய்த பின் கம்ப்யூட்டருக்குப் புதிய ஐடிலிங் அளவைக் கற்றுக்கொடுக்காமல் விட்டதுதான் குறை. சில கார்களில் ஏசியையும் விளக்குகளையும் அணைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் விசிறி ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டாலே இது நடந்துவிடும். வேறு சில கார்களில் ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுத்தால்தான் நடக்கும். உங்கள் காருக்கு எது என்பதை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டின்படி செய்யச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் இன்ஜின் எங்கோ ஏர் பிடிக்கிறது, அதாவது பலகையைத் தாண்டி வேறு வழியில் காற்று புகுகிறது. த்ராட்டில் பாடியைக் கழற்றி மாட்டியபோது அடியிலுள்ள ரப்பர் வளையம் மடங்கியிருக்கலாம். ஆவிக்குழாயையோ சிறிய வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) குழாயையோ திரும்பச் செருக மறந்திருக்கலாம். இன்னொன்றையும் மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள காரில் இப்படிப் புகும் காற்று கணக்கில் வராததால், கலவையில் பெட்ரோல் குறைந்து, ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலிங்கில் மிக உயர்ந்தும் 2,500 சுற்றில் தணிந்தும் தெரியும். நம்மூர்ச் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பதோ, த்ராட்டிலைத் தாண்டி இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சார். திருட்டுத்தனமாக நுழையும் காற்றையும் அது கணக்கில் சேர்த்துவிடுவதால் கலவை கெடாது, திருத்தமும் ஏறக்குறைய இயல்பாகவே நிற்கும், ஐடிலிங் மட்டும் ஏறும். ஸ்கேனரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரும்பாலும் இத்தகைய கார்களைத்தான்.

ஏர் பிடிக்கும் இடத்தைத் தேட, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இணைப்புகளின் மேல் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு தெளிப்பார்கள். ஓட்டம் மாறும் இடமே ஓட்டை. சூடான சைலன்சர் குழாயின் அருகில் இதைச் செய்தால் தீப்பற்றும். புகை செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள பட்டறை கிடைத்தால் அதுவே நல்லது. இனிமேல் சுத்தம் செய்ய நேர்ந்தால், திரவத்தைத் துணியில் நனைத்து மெல்லத் துடைக்கச் சொல்லுங்கள். பலகையை விரலால் நெம்பித் திறந்தால் மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் சேதமடையலாம். சில த்ராட்டில் பாடிகளின் உட்சுவரில் பூசியிருக்கும் கருமையான பூச்சைக் கரி என்று நினைத்துச் சுரண்டினால், அந்த இடுக்கு நிரந்தரமாகவே பெரிதாகிவிடும்.

கேள்வி: நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்படாமல் ஊர்கிறது; செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. பி 2135 என்று பார்த்துவிட்டு, த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். (திருச்சி வாசகர்)

பதில்: கேபிள் இல்லாத காரில், பலகை எங்கே நிற்கிறது என்பதை இரண்டு தனித்தனி சென்சார்கள் சொல்கின்றன; பெடலிலும் அப்படியே இரண்டு. த்ராட்டிலின் இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்றால் பி 2135. பெடலின் கணக்குகள் ஒத்துவரவில்லை என்றால் பி 2138. இரண்டையும் குழப்பி, பெடல் கோளாறுக்கு த்ராட்டில் பாடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கணக்கை நம்புவது என்று தெரியாத கம்ப்யூட்டர், பாதுகாப்புக்காக மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. ஸ்பிரிங் பலகையைச் சிறிதளவு மட்டும் திறந்த நிலையில் நிறுத்துகிறது. கார் ஊர்ந்து சாலையோரம் சேர்வதற்காக வேண்டுமென்றே விட்டுவைத்த இடைவெளி அது.

மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, பல நாள் வருவதே இல்லை என்கிற கோளாறில் நான் முதலில் சந்தேகிப்பது வயரையும் கனெக்டரையும்தான். த்ராட்டில் பாடியின் கனெக்டரைக் கழற்றி, பின்கள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்த பின், உள்ளே பின்வாங்கிய பின், ரப்பர் சீல் இல்லாமல் தண்ணீர் இறங்கிய தடம், எலி கடித்த வயர் என்று ஏதேனும் ஒன்று அகப்படக்கூடும். அதன் பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டரில் அளக்க வேண்டும். ஸ்கேனரில் இரண்டு சென்சார்களின் வோல்ட் அளவையும் ஒருசேரக் காட்டச் சொல்லி, பெடலை மிக மெதுவாக அழுத்தி மெதுவாக விட வேண்டும். சில கார்களில் ஒன்று ஏற மற்றொன்று இறங்கி, இரண்டின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 5 வோல்ட்டிலேயே நிற்கும். சிலவற்றில் இரண்டும் சேர்ந்தே ஏறும். எந்த முறையானாலும் இடையில் ஒரு துள்ளல்கூட வரக் கூடாது. துள்ளல் எப்போதும் பலகையின் ஒரே நிலையில் வந்தால் சென்சாரின் தடம் தேய்ந்திருக்கிறது, த்ராட்டில் பாடியை மாற்றுவதில் நியாயம் உண்டு. வயர்க் கட்டைக் கையால் அசைக்கும்போது வந்தால் வயரைச் சரிசெய்தால் போதும். இந்தச் சோதனையைச் செய்யாமல் புதிய பாகத்துக்கு விலை சொல்பவரிடம் காரை விட வேண்டாம்.

கேள்வி: பிஎஸ் 6 ஸ்கூட்டர். சிக்னலில் நிற்கும்போது ஆஃப் ஆகிவிடுகிறது. ஐடிலிங் திருகு எங்கே இருக்கிறது? (மதுரை வாசகர்)

பதில்: தேட வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 என்ற புகை மாசு விதிகளுக்குப் பின் ஏறக்குறைய எல்லா பெட்ரோல் ஸ்கூட்டர்களும் கார்புரேட்டரை விட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் ஐடிலிங்கைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. ஏர் ஃபில்டர், பேட்டரியின் வோல்ட், த்ராட்டில் பாடியின் பக்கவழியில் படிந்த கரி ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். த்ராட்டில் பாடியில் பெயிண்ட் புள்ளி வைத்து அடைத்த திருகு தென்பட்டால், அது தொழிற்சாலையில் அமைத்த அளவு. அதைத் தொடக் கூடாது.

கேள்வி: டீசல் கார், 80 கிலோமீட்டருக்கு மேல் பிக்கப் இல்லை. த்ராட்டிலில் கரி அடைத்திருப்பதுதான் காரணம் என்கிறார் மெக்கானிக். (ஈரோடு வாசகர்)

பதில்: அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். டீசல் இன்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது செலுத்தப்படும் டீசலின் அளவு. காற்றுப் பலகை அன்று. புகை மறுசுழற்சிக்கும், இன்ஜினைக் குலுங்காமல் நிறுத்துவதற்கும், சில கார்களில் புகை வடிகட்டியைச் சூடாக்குவதற்குமே அந்தப் பலகை உதவுகிறது. மற்ற நேரங்களில் பெரும்பாலும் அகலத் திறந்தே நிற்கும். அது மூடியபடி சிக்கிக்கொண்டால் பிக்கப் குறையும் என்பது உண்மைதான். ஆனால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குத் தரும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கீறல், கழன்ற கிளிப், அடைத்த டீசல் ஃபில்டர் ஆகியவை அதைக் காட்டிலும் வழக்கமான காரணங்கள். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க்கு அடிப்புறத்தில் எண்ணெய் கசிந்து தூசு ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்; காற்று வெளியேறும் இடத்தை அந்த அழுக்கே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஓடும்போது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? (சேலம் வாசகர்)

பதில்: காரில் பிரேக்கை ஒரே மூச்சில் அழுத்திப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பிரேக்குக்குத் துணையாக நிற்கும் வேக்குவம், பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது உருவாவதில்லை; சேமிப்பில் இருப்பது ஒவ்வொரு மிதிக்கும் கரைந்து, சில மிதிகளில் பெடல் கல்லாகிவிடும். உடனே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் அலறினால் அலறட்டும். சாலையோரம் நின்ற பிறகு அணையுங்கள். ஓடும்போதே சாவியை முழுதாகத் திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் உள்ள பல கார்களில், ஓடும்போது அணைக்கப் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பைக்கில் கிளட்சைப் பிடித்துக் கில் சுவிட்சைத் தட்டுங்கள். கில் சுவிட்ச் இல்லாத ஸ்கூட்டரில் பூட்டு நிலைக்குப் போகாமல் சாவியை ஆஃப் வரை மட்டும் திருப்புங்கள்.

நின்ற பின் முதலில் பார்க்க வேண்டியது காலடியில் விரித்திருக்கும் கால்மிதி. 2009 இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், பெடலில் சிக்கிக்கொள்ளக்கூடிய கால்மிதிதான். கொக்கியில் மாட்டாத மிதியையும், மிதியின் மேல் போட்ட இரண்டாவது மிதியையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தோட்டத்து டீசல் பம்புசெட் இன்ஜின் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்கி ஓடுகிறது. (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: இங்கே ஆக்சிலேட்டர் பிடிப்பது கவர்னர், அதாவது இன்ஜினின் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் அமைப்பு. முதலில் டீசல் லைனில் ஏர் எடுத்து, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிப் பாருங்கள்; நுரை வந்தால் டேங்க் முதல் டீசல் பம்ப் வரை வாஷர்களையும் குழாயையும் சரிபாருங்கள். நுரை இல்லை என்றால், இன்ஜின் ஓடும்போது டீசல் பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் கம்பியை விரலால் மென்மையாக ஒரே நிலையில் பிடித்துப் பாருங்கள். ஏற்ற இறக்கம் நின்றுவிட்டால் கோளாறு கவர்னர் பக்கம்: தேய்ந்த இணைப்பு ஊசி, தளர்ந்த ஸ்பிரிங், அழுக்கேறி இறுகிய கம்பி. நிற்கவில்லை என்றால் டீசல் பம்பையோ டீசலைப் பீச்சும் நாசிலையோ சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கவர்னர் இணைப்பைக் கழற்றிவிட்டு மட்டும் இன்ஜினை ஓட்டக் கூடாது. கட்டுப்பாடின்றி வேகமெடுத்து ஃப்ளைவீல் சிதறும் அபாயம் உண்டு. சோதிக்கும்போது காற்று நுழையும் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டீசலை அடைத்தும் நிற்காத இன்ஜினை நிறுத்த அதுதான் பயன்படும். கையால் மூட முயல வேண்டாம்.