மோட்டார் பெட்டியில் ‘ஹெட்’: வீட்டின் உயரம் மட்டும் போதாது

கேள்வி: சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வாங்க வேண்டும். பெட்டியில் ‘ஹெட் 6/24 மீட்டர்’ என்று இருக்கிறது. எங்கள் தொட்டி 11 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இது போதுமா?

பதில்: பம்ப் விஷயத்தில் ‘ஹெட்’ என்றால் தண்ணீரைத் தூக்கும் உயரம். பம்பின் அழுத்தத்தைத்தான் இப்படி மீட்டரில் சொல்கிறார்கள். 10 மீட்டர் ஹெட் பிரஷர் கேஜில் ஏறக்குறைய 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டும்.

கணக்கைச் சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் மோட்டாருக்கு 2 மீட்டர் கீழே நின்றால், தொட்டி வரை 13 மீட்டர். ஒரு இஞ்ச் பிவிசி பைப் 30 மீட்டர் ஓடி, நிமிடத்துக்கு 40 லிட்டர் போனால், உராய்வில் இரண்டரை மீட்டர் போய்விடும். எல்போ, ஃபுட் வால்வுக்கு (உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள வால்வு) இன்னும் ஒன்றரை. ஆக 17 மீட்டர். முக்கால் இஞ்ச் பைப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அதே அளவு தண்ணீருக்கு உராய்வு மூன்று மடங்காகும்.

பெட்டியில் உள்ள 6 குறைந்தபட்ச ஹெட், 24 அதிகபட்ச ஹெட். அந்த 24 மீட்டரை நம்பியும் வாங்கக் கூடாது. அந்த உயரத்தில் தண்ணீர் மிகக் குறைவாகத்தான் வரும். மோட்டாரோடு வரும் தாளில் ஹெட்டுக்கு எதிரே டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு) போட்டிருக்கும். 17 மீட்டருக்கு நேரே மணிக்கு 2400 லிட்டர் இருந்தால், 1000 லிட்டர் தொட்டி 25 நிமிடத்தில் நிரம்பும். அங்கே 900 லிட்டர்தான் என்றால் வேறு மாடல் பாருங்கள்.

இன்னொன்று, பலர் ஏமாறும் இடம். ஹெட் 40 மீட்டர் என்றாலும், மேலே வைத்த மோட்டார் கீழேயிருந்து 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது. உறிஞ்சு குழாயில் தண்ணீரை ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல்மட்டத்திலேயே அதன் எல்லை 10.3 மீட்டர், ஊட்டியில் அதைவிடக் குறைவு. 7 மீட்டருக்கும் ஆழமென்றால் சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் மோட்டார்) பாருங்கள்.

தேவைக்கு மிஞ்சிய ஹெட்டும் ஆபத்து. விவசாய மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) குறிப்பிட்ட ஹெட்டுக்கு வெகு கீழே ஓட்டினால் தண்ணீர் அதிகம் பாயும், ஆம்பியர் ஏறும், காயில் கருகும். அங்கே தண்ணீர் வெளியேறும் பக்கத்து (டெலிவரி) கேட் வால்வைச் சற்று மூடினால் ஆம்பியர் இறங்கும். வீட்டு செல்ஃப் பிரைமிங் (குழாயில் உள்ள காற்றைத் தானே வெளியேற்றி உறிஞ்சும்) மோட்டாரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்: அதில் வால்வை மூட மூட லோடு கூடும்.