நன்றி எழுத உட்கார்ந்தால் எரிச்சல் வருகிறதா?

கேள்வி: மகன் தொடக்கநிலை 3, மகள் பாலர் பள்ளி. வேலை முடிந்து சிங்கப்பூரின் செங்காங்கில் உள்ள வீட்டுக்கு வரும்போது மணி ஏழாகிவிடும். வீட்டுப்பாடம், சாப்பாடு, அதட்டல் என்று ஒன்பதரை வரை ஓட்டம்தான். மனம் லேசாகும், நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களைத் தினமும் நோட்டில் எழுது என்றார்கள். நான்கே நாளில் ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்று அதையே திரும்ப எழுதினேன். இப்போது அந்த நோட்டைப் பார்த்தாலே எரிச்சல். எனக்கு நன்றியுணர்வே இல்லையா?

பதில்: நிச்சயமாக இருக்கிறது. எழுதிய முறையில்தான் சிக்கல். ‘குடும்பம்’ என்று எழுதும்போது மனத்தில் எந்தக் காட்சியும் எழாது. காட்சி எழாவிட்டால் உணர்வும் எழாது. ‘நான் பாத்திரம் கழுவும்போது மகன் கேட்காமலேயே தங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்’ என்று எழுதிப் பாருங்கள், அந்த நிமிடம் திரும்ப வரும்.

அடுத்து, ‘இது ஏன் நடந்தது?’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் அவற்றின் காரணங்களையும் எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது. காரணம் தேடும்போது ‘போன வாரம் அவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்’ என்பது போல உங்கள் பங்கும் தெரியவரும். நாள் முழுக்கக் குற்ற உணர்ச்சியோடு இருக்கும் அம்மாவுக்கு இது மிகவும் தேவை.

எத்தனை நாள் எழுதுவது? முதல் ஏழு நாள் தினமும் எழுதுங்கள். பிறகு வாரம் ஒரு முறை போதும். உளவியலாளர் சோன்யா லியூபோமிர்ஸ்கியின் ஆறு வார ஆய்வில் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது. மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி செய்தால் அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடுகிறது. உங்களுக்கு நடந்ததும் அதுதான். ஞாயிறு காலை, பிள்ளைகள் எழுமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தூக்கம் சொக்கும் இரவு 11 மணி வேண்டாம்.

மாலை ஏழு மணிக்கு வேறு வழி தேவை. குரல் உயரப்போகும் நேரத்தில் ‘நான் கொடுத்துவைத்தவள்’ என்று நினைக்க முயன்றால் எரிச்சல்தான் கூடும். கொதித்துப்போன உடம்பு முதலில் தணிய வேண்டும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு குறையும். ஆறு முறை செய்ய ஒரே நிமிடம். மின்தூக்கியை விட்டு இறங்கி, வாசல் கேட்டைத் திறக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. சண்டை தொடங்கிய பிறகு மூச்சை எண்ண யாருக்கும் நினைவிருக்காது. கைப்பேசியைப் பையிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். முதல் பத்து நிமிடம் ‘ஸ்பெல்லிங் படித்தாயா?’ என்ற கேள்வி வேண்டாம்.

நல்ல கணம் வரும்போது அதை உடனே கடந்துபோகாதீர்கள். மகள் மடியில் ஏறினால், இருபது வினாடி அடுப்பு, மெசேஜ் எல்லாவற்றையும் மறந்து அவள் எடையை, தலையின் ஷாம்பூ வாசனையை உணருங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுத விஷயம் இல்லாமல் போவதற்குக் காரணம், நல்லது நடக்காதது என்பதைவிட, நடந்தபோது நம் கவனம் வேறெங்கோ இருந்தது என்பதே.

பிள்ளைகளையும் நன்றி சொல்ல வைக்கலாமா? கட்டாயப்படுத்தினால் வாய் மட்டும்தான் சொல்லும். சாப்பிடும்போது நீங்களே ‘இன்று அப்பா துணி மடித்து வைத்ததால் எனக்கு அரைமணி நேரம் மிச்சம்’ என்று சொல்லுங்கள். கேட்டுக் கேட்டுப் பழகிவிடுவார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றியுணர்வு எல்லாச் சுமையையும் சகித்துக்கொள்ளும் பயிற்சியாகிவிடக் கூடாது. வாரத்தில் இரண்டு மாலை வீட்டுப்பாடம் அப்பாவின் பொறுப்பு என்று நாளும் குறித்துக் கேளுங்கள். ‘கொஞ்சம் உதவக் கூடாதா?’ என்று பொதுவாகக் கேட்டால் அது அப்படியே கரைந்துபோகும். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் முழுமையாக நீக்கப்பட்டுவிட்டன. அந்த இடத்தை வீட்டில் பயிற்சி நூல்களால் நிரப்புகிறோமா என்றும் பாருங்கள். ஒரு மாலையாவது அவை மூடியே இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பிள்ளையைத் தொடவே மனமில்லாத நிலை இருந்தால் நோட்டை ஒதுக்கிவிட்டு பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். மனம் விட்டுப் பேச 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழையுங்கள்; உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஆம்புலன்சுக்கு 995.