எக்கினோஸ்டோமா என்றால் என்ன? அது ஏன் நத்தை, வாத்து என்று மாறி மாறி வாழ்கிறது?

எக்கினோஸ்டோமா என்பது பறவைகள், பாலூட்டிகளின் குடலில் ஒட்டி வாழும் ஒரு தட்டைப்புழுப் பேரினம். கிரேக்கத்தில் இதற்கு 'முள்வாய்' என்று பொருள். வாயைச் சுற்றிக் கழுத்துப்பட்டை மாதிரி முட்கள் இருக்கும். ரெவல்யூட்டம் என்ற இனத்தில் 37 முட்கள்!

சரி, ஏன் இத்தனை உயிர்கள்? வாத்தின் குடலில் இருக்கும் புழுவால் இன்னொரு வாத்திடம் நேராகப் போக முடியாது. அதன் முட்டைகள் எச்சத்தோடு தண்ணீரில் விழுகின்றன. பொரித்து வரும் குஞ்சு சில மணி நேரமே உயிரோடிருக்கும், அதற்குள் ஒரு நத்தையைப் பிடித்தாக வேண்டும். பெரும்பாலானவை செத்துப்போகும். தப்பிப் பிழைத்த ஒன்று நத்தைக்குள் பல மடங்காகப் பெருகி அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. எனக்கு மிகவும் வியப்பான கட்டம் இதுதான். அப்புறம் அவை வெளியே நீந்தி வேறொரு நத்தைக்குள்ளோ தவளைக்குஞ்சுக்குள்ளோ புகுந்து, கூடு கட்டிக் காத்திருக்கும். அதை வாத்தோ எலியோ தின்றால் சுற்று முடிகிறது.

பெங்களூரில் அல்சூரிலிருந்து கெங்கேரிக்குப் போகிறவர் மெஜஸ்டிக்கில் இறங்கி பஸ் மாறுவது போலத்தான். ஒரே வித்தியாசம், இங்கே ஒருவர் ஏறி நூற்றுக்கணக்கானவராக இறங்குகிறார்.

ஏரியில் கால் நனைத்தாலே இது தொற்றிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தோலைத் துளைத்து நுழைவது இதன் உறவான ரத்தத் தட்டைப்புழு. எக்கினோஸ்டோமா மனிதருக்கு வருவது நத்தை, மீன் போன்றவற்றைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்பதால்தான்.